பிரேடியா, கிஃபினா, லெஸ்டரா? புது கோ-ஆர்டினேட்டர் வந்தால் அணியில் என்ன மாறும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணி புள்ளி எடுக்கத் திணறினால் ரசிகர்களின் கோபம் முதலில் பாய்வது ஆஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர் மேல்தான். பந்து தங்கள் அணியிடம் இருக்கும்போது அடுத்து என்ன ஆடுவது என்று பெரும்பாலும் முடிவு செய்பவர் அவர். அவரைத் தூக்குவது சுலபம். அந்த இடத்துக்கு யாரைக் கொண்டு வருவது என்பதில்தான் சிக்கல். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் அணியில் இருந்து புது யோசனைகளோடு வரும் இளைஞரா? வேறு இடத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து வேலை போனவரா? இல்லை, அணி பழகிய ஆட்டத்தையே சீர்படுத்தித் தருபவரா? எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 2019-இல் ஜோ பிரேடி, அலபாமா 2014-இல் லேன் கிஃபின், அயோவா 2024-இல் டிம் லெஸ்டர் என்று மூன்றுக்கும் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது.

எல்லோரும் முதலில் சொல்வது எல்.எஸ்.யு.வைத்தான். 2018-இல் அந்த அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பர்ரோ எறிந்த டச்டவுன் பாஸ்கள், அதாவது எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி தந்த பாஸ்கள், 16. அடுத்த ஆண்டு 60. அவர் எறிந்ததில் கைக்குப் போய்ச் சேர்ந்தவை 57.8 சதவீதத்தில் இருந்து 76.3 சதவீதமாக உயர்ந்தன. இந்த இரண்டு சீசனுக்கும் நடுவில் வந்து சேர்ந்தவர் ஜோ பிரேடி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் உதவியாளராக இருந்தவர், வயது 29. அவருக்குக் கொடுத்த பொறுப்பு பாஸ் ஆட்டம் மட்டுமே என்பது பல பேருக்கு மறந்துபோய்விட்டது. கோ-ஆர்டினேட்டர் பதவியில் மூத்தவர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அப்படியே இருந்தார். அந்த வருடப் பெருமையில் அவருக்கு இன்னும் பெரிய பங்கு சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தில் என்ன மாறியது? குவார்ட்டர்பேக்கைக் காக்கக் கூடுதல் ஆட்களைப் பின்னால் நிறுத்துவதைக் குறைத்தார்கள். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) உட்பட ஐந்து பேரையும் பாஸ் வாங்க ஓடவிட்டார்கள். யார் தனியாக நிற்கிறார் என்று பார்த்துச் சட்டென்று எறிவது பர்ரோவின் வேலை. ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் மட்டுமே அந்த சீசனில் 55 பாஸ் பிடித்தார்.

டெக்சஸுக்கு எதிராக ஆஸ்டினில் நடந்த ஆட்டத்தைப் பார்த்தால் இந்த மாற்றம் புரியும். கடைசி மூன்று நிமிடம், எல்.எஸ்.யு. கையில் ஆறே புள்ளி முன்னிலை, நான்கு முயற்சிகளில் மூன்றாவது (மூன்றாவது டவுன்), போக வேண்டியது 17 யார்டு. பழைய எல்.எஸ்.யு. என்றால் பந்தோடு ஓடிக் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு, அடுத்து பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்து (பன்ட்) விட்டிருக்கும். இங்கே எறிந்தார்கள். டெக்சஸ் ஆட்கள் பாய்ந்து வர, பர்ரோ இடப்பக்கம் நகர்ந்து ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு, டச்டவுன். ஆட்டம் 45-38 என்று முடிந்தது. தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான் அந்த மாதிரி நேரத்தில் எறியச் சம்மதித்ததே பெரிய மாற்றம்.

அந்த சீசனில் 15 ஆட்டம், 15 வெற்றி. தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் கிளெம்சனை 42-25 என்று வென்ற கையோடு பிரேடி என்.எஃப்.எல். அணியான கரோலினா பாந்தர்ஸுக்குப் போய்விட்டார். 2020-இல் எல்.எஸ்.யு. 5 வெற்றி, 5 தோல்வி. இதை முழுக்கப் பிரேடி போனதன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. 14 பேர் என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் போனார்கள், பாஸ் பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸ் அந்த சீசனில் ஆடவே இல்லை. ஆனாலும், ஓர்ஜெரானின் அணி அந்த ஆட்டத்தைத் தன் சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொள்ளவில்லை என்பது என் கணிப்பு. 2021 சீசனோடு அவரும் வெளியேற வேண்டியதாயிற்று.

அலபாமாவின் கதை வேறு. 2013 செப்டம்பரில் யு.எஸ்.சி. அணி அரிசோனா ஸ்டேட்டிடம் தோற்றுத் திரும்பிய அதிகாலையில், விமான நிலையத்திலேயே அதன் தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபினின் வேலை போனது. சில மாதங்களில் அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். எதிரணிக்கு மூச்சுவிட நேரம் தராமல் அடுத்தடுத்து ஆடும் வேக ஆட்டத்தைப் பகிரங்கமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர் சேபன். அதே ஆட்டத்தின் பல அம்சங்களைத் தன் அணிக்குள் கொண்டுவர அவர்தான் வழி திறந்துவிட்டார்.

கிஃபின் கையில் கிடைத்த குவார்ட்டர்பேக் பிளேக் சிம்ஸ், முன்பு ரன்னிங் பேக்காக இருந்தவர். கிஃபின் செய்தது எளிமையானது: அணியின் மிகச் சிறந்த ஆள் அமாரி கூப்பர், பந்து அவரிடம்தான் போக வேண்டும். 2013-இல் 45 பாஸ் பிடித்த கூப்பர் 2014-இல் 124 பிடித்தார். சிம்ஸ் 3,487 யார்டு எறிந்து அந்தக் கல்லூரியின் ஒரு சீசன் சாதனையை முறியடித்தார். ஃபுளோரிடாவுக்கு எதிரான ஆட்டத்தில் ரன்னிங் பேக் கென்யன் டிரேக்கை ரிசீவர் போல ஓரத்தில் நிறுத்தி, அலபாமாவின் முதல் பிளேயிலேயே 87 யார்டு டச்டவுன். பந்து ரிசீவர் கைக்கு வரும் முன்பே டச்டவுன் என்று தன் இரண்டு கைகளையும் உயர்த்திவிடும் கிஃபினை அந்த ஆண்டு அடிக்கடி டிவியில் பார்க்க முடிந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்த வருடம். கூப்பர் போய்விட்டார். சரி, இப்போது யார் சிறந்த ஆள்? டெரிக் ஹென்றி. 395 முறை பந்தைக் கொடுத்து ஓடவிட்டார் கிஃபின். 2,219 யார்டு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, கிளெம்சனை 45-40 என்று வென்று தேசியப் பட்டம். 2016-இல் முதலாண்டு மாணவர் ஜேலன் ஹர்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஆனதும் அவருடைய கால்களை நம்பி ஓர் ஆட்டம். மூன்று வருடம், மூன்று குவார்ட்டர்பேக், மூன்று விதமான ஆட்டம், மூன்று முறையும் அலபாமா ஆடும் எஸ்.இ.சி. லீக்கின் பட்டம். பிறகு அந்த சீசனின் தேசிய இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிஃபின் கிளம்ப, கிளெம்சனிடம் 35-31 என்று தோற்றது தனி வலி. ஆனால் அவர் போனபின் அலபாமா பழைய ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. கோ-ஆர்டினேட்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2020-இல் டெவான்டா ஸ்மித் என்ற ரிசீவர் ஹைஸ்மன் வாங்க, அணி தோல்வியே இல்லாமல் பட்டம் வென்றது.

அயோவாவில் நிலைமை நேர் எதிர். தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸின் மகன் பிரையன்தான் 2023 வரை கோ-ஆர்டினேட்டர். 2023-இல் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) எடுக்கும் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டும் வந்தது 15.4. அந்த அணி 10 ஆட்டம் வென்றதற்குக் காரணம் பயிற்சியாளர் ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸும் பன்ட் உதைக்கும் டோரி டெய்லரும்.

2024-இல் பிரையனின் இடத்துக்கு டிம் லெஸ்டர் வந்தார். வெஸ்டர்ன் மிச்சிகனில் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, என்.எஃப்.எல். அணியான கிரீன் பே பேக்கர்ஸில் ஒரு வருடம் வேலை பார்த்தவர். பந்தோடு ஓடுவதுதான் அயோவாவின் அடித்தளம் என்பதில் அவர் கை வைக்கவில்லை. பந்து எடுக்கும் முன் ஆட்களைப் பக்கவாட்டில் நகர்த்தி எதிரணியைக் குழப்புவதை அதிகமாக்கினார். கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி 21 டச்டவுன் எடுத்தார். சராசரி 27 புள்ளியைத் தாண்டியது. பாஸ் ஆட்டம் மட்டும் பழையபடி பலவீனம்தான். வெற்றிகளோ 10-இல் இருந்து 8 ஆகக் குறைந்தன! இதை வைத்து லெஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். 2023-இன் பல வெற்றிகள் மயிரிழையில் வந்தவை. அந்த சீசனில் அயோவா ஆடும் பிக் டென் லீக்கின் இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடமும், சீசன் முடிவில் நடக்கும் சிட்ரஸ் பவுல் ஆட்டத்தில் டென்னசியிடமும் அயோவா ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றதை மறந்துவிடக் கூடாது.

என்னைக் கேட்டால் கிஃபின் வழிக்குத்தான் என் ஓட்டு. பதவி போனவரை எடுத்தால் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. கையில் இருக்கும் ஆளுக்கு ஏற்ப வருடா வருடம் ஆட்டத்தை மாற்றத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். தன் பிடிவாதத்தைத் தளர்த்தத் தயாரான சேபன் மாதிரி ஒருவர் மேலே இருக்க வேண்டும். பர்ரோ மாதிரி முதிர்ந்த குவார்ட்டர்பேக்கும் சேஸ், ஜெஃபர்சன் மாதிரி ரிசீவர்களும் தயாராக நிற்கும் அணி தயங்காமல் பிரேடி மாதிரி ஒருவரை எடுக்கலாம், ஒரு வருடத்தில் போய்விடுவார் என்று தெரிந்தேகூட. டிஃபென்ஸ் பலமாக இருந்து ஆஃபென்ஸ் மட்டும் நொண்டும் அணிக்கு லெஸ்டர் போதும். அப்புறம் அந்த அணி தேட வேண்டியது ஒரு நல்ல குவார்ட்டர்பேக்கை.