கல்வாழைப் படுகை: கட்டி ஏழு வருஷம் ஆன பிறகு

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில், வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற கல்வாழைப் படுகை ஒன்றை 2018இல் கட்டினோம். சமையலறை, குளியலறை, துவைக்கிற கல் மூன்றின் தண்ணீரும் அதற்குப் போகும். கழிவறைக்குத் தனி செப்டிக் டேங்க், அதை இதில் சேர்க்கவில்லை. கட்ட நினைப்பவர்கள் நிறையப் பேர் விசாரிப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

12 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் செங்கல் தொட்டி. உள்ளே முக்கால் இஞ்ச் ஜல்லி, மேலே கல்வாழை, கடைசி முனையில் வெட்டிவேர். தண்ணீர் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் தங்கி, எண்ணெய் மேலேயும் கசடு கீழேயும் பிரிந்த பிறகுதான் ஜல்லிக்குள் நுழையும். ஜல்லி மேல் வழவழவென்று படியும் நுண்ணுயிர்ப் படலம்தான் அழுக்கைத் தின்கிறது. வேர் அதற்குக் கொஞ்சம் காற்று கொடுக்கிறது. நாங்கள் நான்கு பேர். இன்று உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர மூன்று நாளுக்கு மேல் ஆகும். மோட்டார் கிடையாது. தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேல்பரப்புக்கு மூன்று இஞ்ச் கீழேயே நிற்பதால் கொசுவும் இல்லை.

ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950களில் நாணலை வைத்துத் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. ஆரோவில்லிலும் இருக்கிறது. ஆனால் எனக்கு, எங்கள் அப்பத்தா கழுநீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பி விட்டதன் அடுத்த படியாகத்தான் இது தெரிந்தது.

முதல் வருஷமே ஒரு பெரிய தவறு. நம் பக்கத்து வீடுகளில் நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையும் மழையை முற்றத்தில்தான் கொட்டும். குழாய் வேலை செய்தவர் முற்றத்துத் தண்ணீரையும் இதே குழாயில் சேர்த்துவிட்டார், நானும் கவனிக்கவில்லை. ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. முதல் தொட்டியின் கசடு முழுக்கக் கிளம்பி ஜல்லிக்குள் போய், காலையில் படுகை மேல் கறுப்புத் தண்ணீர் நின்றது, அழுகின முட்டை நாற்றம். மழைத் தண்ணீரைப் பிரித்து, நுழைவாய்ப் பக்கம் மூன்றடி ஜல்லியை வாரி அலசிப் போட்ட பிறகுதான் சரியானது. முற்றத்து மழை நல்ல தண்ணீர். அது கிணற்றுக்கோ ஊருணிக்கோ போகட்டும், இங்கே வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். நம் சமையலுக்கு இதுதான் முக்கியம். பணியாரமோ சீடையோ சுட்ட மறுநாள் தொட்டி மூடியைத் திறந்தால் மேலே இளமஞ்சள் ஆடை கட்டியிருக்கும். கரண்டியால் தூக்கினால் தோசை போல மடிந்து வரும். அது ஜல்லிக்குள் போனால் வழியை அடைத்துவிடும். இப்போது சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்த பிறகுதான் கழுவுகிறோம். சோறு வடித்த கஞ்சி மாட்டுக்குப் போகிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆடையை எடுத்து எருக்குழியில் போடுகிறோம். இந்த ஒரு வேலையை விட்டால் மற்றது எல்லாம் வீண்.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடினால் அறுபது பேர் வந்துவிடுவார்கள். அந்த அளவைப் படுகை தாங்காது. அதற்காக முதல் தொட்டிக்கு முன்னால் ஒரு வால்வு வைத்து, அந்த இரண்டு நாள் மட்டும் தண்ணீரைத் தனி உறிஞ்சு குழிக்கு விடுகிறோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

வெளியே வரும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். லேசான தேநீர் நிறம், மண் வாசம், அவ்வளவுதான். ஐந்து தென்னைக்கும் வாழைக்கும் அதுதான் பாய்கிறது. சித்திரை வெயிலில் போர் தண்ணீர் குறைந்தபோதும் வாழை வாடவில்லை, பார்க்கவே மனசு நிறைந்தது. கீரைக்கும் பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் விடுவதில்லை. கல்வாழையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழிக்க வேண்டும், இல்லையென்றால் காய்ந்த தண்டு ஜல்லி மேலேயே மக்கிவிடும்.

கட்டுபவர்கள் ஜல்லியை அலசாமல் போட விடாதீர்கள், கிரஷர் தூசி அடியில் சேறாகிவிடும். அப்புறம், தொட்டி மூடி. எங்களுடையது சிமெண்ட் சிலாப். நான் வெளியூர் போயிருந்தபோது ஆத்தாவால் அதைத் தூக்க முடியாமல் இரண்டு மாதம் ஆடை எடுக்காமல் கிடந்தது. இப்போது கைப்பிடி வைத்த தகர மூடி, அவர்களே ஒரு கையால் திறக்கிறார்கள்.