ஏழு வருஷம், ஒரு பழைய லக்சுரி ஆஃப்ரோடு வண்டி, ஒரு மக் சோப்புத் தண்ணி

எங்க ஷெட்டு சுவத்துல சாக்பீஸால நாலு நாலு நம்பரா கிறுக்கி வச்சிருப்பேன், பாக்கறவங்க ஏதோ கடன் கணக்குன்னு நினைச்சுக்கறாங்க. அது வண்டியோட நாலு மூலை உயரம், வீல் நடுவுல இருந்து மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்தது. ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து அடைச்ச ரப்பர் ஸ்பிரிங் வண்டிய தாங்கும்) உள்ள பழைய லக்சுரி ஆஃப்ரோடு வண்டி ஒண்ண ஏழு வருஷமா நானே பாத்துக்கிட்டு இருக்கேன். கம்பெனி பேர் வேணாம், நான் சொல்றதுல முக்காவாசி இந்த ரகத்துல எந்த வண்டிக்கும் பொருந்தும்.

இந்த வண்டிங்க பழசானா விலை சரசரன்னு இறங்கிடும், நம்ம கைக்கும் எட்டிடும். ஆனா பார்ட்ஸ் விலையும் கூலியும் இறங்காது, அது புது வண்டி வாங்கினவன் பர்ஸுக்குப் போட்ட கணக்கு. அதான் ஸ்பேனர் எடுத்தேன், ஆசைப்பட்டெல்லாம் இல்ல.

ஆரம்பிச்சு வச்சது கம்ப்ரசர்தான், அந்த ஸ்பிரிங்குக்கு காத்து அடைக்கற பம்ப். வாங்கின கொஞ்ச நாள்லயே சஸ்பென்ஷன் ஃபால்ட்னு டேஷ்போர்டுல லைட்டு, ஒர்க்‌ஷாப்ல விட்டேன், கம்ப்ரசர் போச்சுன்னு புதுசு மாத்திக் கொடுத்தாங்க, நாலு மாசத்துல திரும்ப அதே லைட்டு. கம்ப்ரசர் தானா சாகல, எங்கயோ காத்து ஒழுகுது, அத ஈடுகட்ட அது ஓடி ஓடி சூடாகி பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருக்கு, உள்ள காத்த உலர்த்தற மணி மணியா ஒரு சரக்கு இருக்கும் அதுவும் ஈரத்துல ஊறிப் போயிருக்கு, இதெல்லாம் கழட்டிப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. ஒழுகற இடத்த பாக்காம கம்ப்ரசர மட்டும் மாத்தினா புதுசும் அதே வழிலதான் போகும்.

சரி, எங்க ஒழுகுதுன்னு பாப்போம்னு இறங்கினா அங்க இன்னொரு கூத்து. காலைல பாத்தா வண்டி நாலு பக்கமும் ஒரே சீரா உக்காந்திருக்கு! நாலுமேவா ஒழுகும்னு ரெண்டு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். விஷயம் என்னன்னா, நிறுத்தி வச்சிருந்தாலும் கம்ப்யூட்டர் அப்பப்ப முழிச்சு உயரத்த பாக்கும், ஒரு மூலை இறங்கியிருந்தா மத்த மூணையும் அதுக்கு சமமா இறக்கி விட்டுரும். திருடன் ஒருத்தன், மத்த மூணு பேரும் கூட சேந்து குனிஞ்சு நிக்கறாங்க. அதனால ராத்திரி வண்டிய நிறுத்தினதும் சஸ்பென்ஷன் ஃபியூஸ பிடுங்கிட்டு நாலு மூலையும் அளந்து சுவத்துல எழுதுவேன், காலைல திரும்ப அளப்பேன். அப்படிப் பண்ணின முதல் நாளே முன்னாடி வலது மட்டும் 35 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு, மத்தது அசையவே இல்ல.

அப்புறம் மக்குல சோப்புத் தண்ணி, பழைய பெயிண்ட் பிரஷ். ஏர் ஸ்பிரிங் தலையில பைப் சொருகற ஃபிட்டிங்ல தடவினா ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருந்துச்சு, டார்ச் அடிச்சு ஒரு நிமிஷம் அசையாம பாத்தேன், கடுகு சைஸ்ல ஒரே ஒரு சோப்பு முட்டை, உடையுது, திரும்ப அதே இடத்துல ஊதுது. மொத்தமா காத்து ஒழுகினது அவ்ளோதான். காத்த இறக்கிட்டு பைப்ப கழட்டி, கீறல் விழுந்த நுனிய அஞ்சு மில்லிமீட்டர் பிளேடால நேரா வெட்டி, புது ஃபிட்டிங்ல கடைசி வரைக்கும் அழுத்தி சொருகினேன், முடிஞ்சுது. இதுக்காகவா ஒரு முழு கம்ப்ரசர்னு அன்னிக்கு வந்த கோவம் இன்னும் ஆறல.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடறேன். வண்டி காத்துல நிக்கும்போது அடியில தலைய விடாதீங்க. ஒரு பைப் கழண்டா ரெண்டு டன்னுக்கு மேல இருக்கற வண்டி கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள இறங்கிடும். சேசிஸுக்கு ஸ்டாண்ட் குடுத்து பாரம் அதுல உக்காந்தப்புறம்தான் காத்த இறக்கணும். திரும்ப கீழ இறக்கும்போதும் காத்தே இல்லாத ஸ்பிரிங் மேல பாரத்த வச்சா ரப்பர் மடிஞ்சு கிழிஞ்சிரும், முதல்ல கொஞ்சம் காத்து ஏத்திட்டு அப்புறம் இறக்குங்க.

அடுத்து பேட்டரி. ஒரு நாள் குளிர்ல காலைல சாவி போட்டா ஏபிஎஸ், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பார்க்கிங் பிரேக்னு மொத்த லைட்டும் திருவிழா மாதிரி எரிஞ்சுது. பழைய நானா இருந்தா பயந்து போன் பண்ணியிருப்பேன். மீட்டர் வச்சா நின்ன நிலையில 12.1 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 9க்கு கீழ போகுது. நல்ல பேட்டரின்னா ஓய்வுல 12.6ல இருந்து 12.8 காட்டணும். இந்த வண்டில கம்ப்யூட்டர் மட்டும் டஜன் கணக்குல இருக்கு, வோல்ட் சரிஞ்சா ஒண்ணு மேல ஒண்ணு பழி போட்டு ஃபால்ட் கோடு (கோளாறு நம்பர்) எழுதி வச்சிரும். பேட்டரி மாத்தி கோடெல்லாம் அழிச்சதோட சரி, ஒரு லைட்டும் திரும்ப வரல. சாதா ஓபிடி ரீடர் (வண்டில சொருகி கோடு படிக்கற கருவி) பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் காட்டும், சஸ்பென்ஷன், பார்க்கிங் பிரேக் வரைக்கும் பேசற ஸ்கேனர் வேணும், டூல்ஸ்ல நான் போட்ட காசுல உருப்படியானது அதுதான். பின்னாடி பிரேக் பேட் மாத்தவே பல வண்டில எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்க சர்வீஸ் மோடுல போடணும், அது தெரியாம பிரேக் பிஸ்டன தள்ளி பார்க்கிங் பிரேக் மோட்டார ஒடைச்சவங்கள பாத்திருக்கேன்.

கியர்பாக்ஸ் ஆயில் ‘லைஃப்டைம்’, மாத்தவே வேணாம்னு சொல்லுவாங்க. யார் லைஃப்டைம்னு கேக்கணும். என் வண்டில இருக்கறது இசட்-எஃப் கம்பெனியோட ஆறு கியர் ஆட்டோமேட்டிக், அதை செஞ்சவங்களே 80,000ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்த சொல்றாங்க. அடியில பிளாஸ்டிக் பேன் (ஆயில் தட்டு), ஃபில்டர் அதுக்குள்ளயே சேந்திருக்கும், பேனோட மாத்தணும். ஆயில இறக்கறதுக்கு முன்னாடி ஊத்தற பிளக் கழலுதான்னு பாத்துக்கோங்க, மொத்த ஆயிலையும் வடிச்சப்புறம் அது துருப்பிடிச்சு கழலலன்னா வண்டி அப்படியே நிக்கும், நகத்தக்கூட முடியாது. லெவல் பாக்கறது இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போது, ஆயில் 30ல இருந்து 50 டிகிரிக்குள்ள.

நான் சொதப்பினதையும் சொல்றேன். முன்னாடி லோயர் ஆர்ம் புஷ் (வீல தாங்கற கீழ் கையோட மூட்டுல இருக்கற ரப்பர்) மாத்தினேன், ஒரு முழு நாள் வேல, பிரஸ் எல்லாம் இரவல் வாங்கி. வீல் தொங்கிக்கிட்டு இருக்கும்போதே டார்க் ரெஞ்ச் (எவ்ளோ முறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) வச்சு பெருமையா டைட் பண்ணிட்டேன், ஆறு மாசத்துல ரப்பர் கிழிஞ்சு டொக்கு டொக்குன்னு சத்தம். தொங்கற நிலையில டைட் பண்ணினா வண்டி கீழ உக்காரும்போது ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும், ஓடற உயரத்துல வச்சுதான் கடைசி முறுக்கு குடுக்கணும். மேனுவல்ல ஒரே வரில இருந்துச்சு, நான்தான் படிக்கல.

தண்ணில இறக்கறவங்களுக்கு ஒரு விஷயம். ஓடி சூடான டிஃபரன்ஷியல் (வீலுங்களுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்கற கியர் பெட்டி) பச்சத் தண்ணில முங்கினா உள்ள இருக்கற காத்து சுருங்கும், அது மூச்சு விடற பிரீதர் பைப் அடச்சிருந்தா சீல் வழியா தண்ணிய உறிஞ்சும். ஆயில் காபி கலர்ல வந்தா முடிஞ்சுது கதை. தண்ணில போய்ட்டு வந்தா மறுநாளே அதோட ஆயில் ஊத்தற பிளக்க கழட்டி விரல விட்டுப் பாத்துருவேன்.

ஏசி கேஸ், ஏர்பேக், டைமிங் பெல்ட் மூணையும் நான் தொடறதில்ல. முதல் ரெண்டும் உயிர் பயம், மூணாவது சோம்பேறித்தனம், ஒத்துக்கறேன்.

இப்ப பின்னாடி இடது பக்கம் ஒரு சந்தேகம், முந்தாநேத்து 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு. வெயில் இறங்கி குளிர்ந்தா காத்து சுருங்கறதும் இருக்கு, அதனால ஒழுகுதுன்னு இன்னும் முடிவு பண்ணல. நேத்து ராத்திரி திரும்ப ஃபியூஸ பிடுங்கிட்டு அளந்து எழுதியிருக்கேன், இத டைப் பண்ணிட்டு டேப்ப எடுத்துக்கிட்டு போகணும்.