இலவச வைஃபை தேட எது உதவும்: ரயில்வயர், பிஎம்-வாணி, கடவுச்சொல் பகிரும் செயலிகள்

இந்தியாவில் கைப்பேசியை வைத்துக்கொண்டு இலவச வைஃபை தேடுபவர் பெரும்பாலும் ரயில் நிலையங்களில் கிடைக்கும் ரயில்வயர், மத்திய அரசின் பிஎம்-வாணி, பயனர்களே கடவுச்சொற்களைப் பகிர்ந்துகொள்ளும் வைஃபை மேப், இன்ஸ்டாபிரிட்ஜ் போன்ற செயலிகள் ஆகியவற்றில் ஒன்றையே நாடுகிறார். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றினாலும், ‘இலவசம்’ என்பதன் பொருள் ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கிறது.

தேடும் சிரமம் சிறிதும் இல்லாதது ரயில்வயர்தான். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளின் துணையுடன் தொடங்கிய இந்தச் சேவையிலிருந்து, மொபைல் டேட்டா மலிவாகிவிட்டதைக் காரணம் காட்டி 2020இல் கூகுள் விலகிக்கொண்டது. ஆயினும் ரயில்வேயின் பொதுத்துறை நிறுவனமான ரயில்டெல் அதைத் தொடர்ந்து நடத்தி, 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குக் கொண்டுசென்றிருக்கிறது. வைஃபை பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்து, உலாவியில் கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் அளித்தால் போதும். நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இலவசம். அதற்கு மேல் கட்டணம். பிஎன்ஆர் நிலையைப் பார்க்கவும் செய்தி அனுப்பவும் அந்த வேகம் தாராளம். படம் பார்க்க நினைப்பவர் ஏமாறுவார்.

பிஎம்-வாணியின் வடிவமைப்பு இதைவிடச் சிறந்தது என்றே கருதுகிறேன். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்தில், பழைய மஞ்சள் நிற பிசிஓ பூத்துகளைப் போல, தேநீர்க் கடைக்காரரோ மளிகைக் கடைக்காரரோ உரிமமும் பதிவுக் கட்டணமும் இன்றி இணையத்தை விநியோகிக்கலாம். அதற்குரிய செயலி ஒன்றை நிறுவி ஒருமுறை பதிவு செய்துகொண்டால், அருகிலுள்ள வாணி ஹாட்ஸ்பாட்டுகளை அது பட்டியலிட்டுக் காட்டும். ஆனால் கடைக்காரர் இணையத்தை விற்கத்தான் இதில் சேர்கிறார். சில இடங்களில் சிறிது நேரம் இலவசமாகக் கிடைத்தாலும், பொதுவாகச் சிறு தொகைக்குக் கூப்பன் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே இதை மலிவான வைஃபை என்று சொல்வதே பொருத்தம்.

கடவுச்சொல் பகிரும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே கடவுச்சொல்லை எல்லா வாடிக்கையாளருக்கும் தரும் உணவகங்கள் மிகுந்த நாடுகளில் அவை பயன்படலாம். இங்கோ விமான நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற பெரிய பொது இடங்களில் ஒவ்வொருவரும் தம் எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டே நுழைய வேண்டியிருப்பதால், பகிரப்பட்ட கடவுச்சொல்லுக்கு அங்கே வேலையில்லை. எஞ்சுபவை சிறு கடைகள், அலுவலகங்களின் இணைப்புகள். அவற்றின் உரிமையாளர் பகிர்வுக்குச் சம்மதித்தாரா என்பதை அறிய வழியில்லை. கவனிக்காமல் அனுமதி கொடுத்தால் நம் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும் அந்தச் செயலிகளின் பட்டியலில் சேர்ந்துவிடக்கூடும்.

ஓடிபியால் ஒரு விநோதமும் நேர்கிறது: இலவச வைஃபையைப் பெற முதலில் கைப்பேசியில் சிக்னல் இருக்க வேண்டும். வெளிநாட்டு சிம்முடன் ஊருக்கு வரும் உறவினர்களுக்கு இதனாலேயே இந்தச் சேவைகள் எளிதில் கைகூடுவதில்லை. அவர்களுக்கு உள்ளூர் சிம் வாங்குவதோ, உடன் வருபவரின் ஹாட்ஸ்பாட்டில் இணைவதோதான் உகந்தது.

இணைப்பு கிடைத்தும் உள்நுழைவுப் பக்கம் திறக்காவிட்டால், பெரும்பாலும் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) இயங்கிக்கொண்டிருக்கும். அல்லது ஆண்ட்ராய்டு அமைப்புகளில் தனிப்பட்ட டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் சேவை) முகவரி ஒன்று உள்ளிடப்பட்டிருக்கும். இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, ஓடிபி முடிந்தபின் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். உண்மையான வைஃபையின் பெயரிலேயே எவரும் போலி ஹாட்ஸ்பாட் அமைக்க முடியும் என்பதால், உள்நுழைவுப் பக்கம் கைப்பேசி எண்ணுக்கும் ஓடிபிக்கும் மேலாக வங்கி அட்டை விவரமோ மின்னஞ்சல் கடவுச்சொல்லோ கேட்டால் உடனே வெளியேறிவிட வேண்டும்; யுபிஐ பரிமாற்றத்தையும் சொந்த மொபைல் டேட்டாவில் வைத்துக்கொள்வதே நல்லது.