6040 சிஎன்சியில் மரக்கிண்ணம்: மூன்று வருடத்துக்குப் பிறகும் அந்த ஒரு கப்ளிங்

6040 வகை சிஎன்சி ரவுட்டர்களின் (600 x 400 மிமீ பரப்பில் கணினி ஓட்டும் செதுக்கு மெஷின்) விலை இறங்கியதும் வருகிற கேள்வி ஒன்றுதான்: அலங்காரக் கிண்ணம் செதுக்க இதை வாங்கலாமா? பிட்டை, அதாவது வெட்டும் கருவியை, மேலும் கீழும் நகர்த்தும் இசட் மோட்டாரின் கப்ளிங்கை மூன்றாவது முறையாக மாற்றிய கையோடு எழுதுகிறேன். வார்த்தையில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் தண்டையும், அது சுழற்ற ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் பால் ஸ்க்ரூ என்ற திருகுத் தண்டையும் இணைக்க மெஷினோடு வந்தது, சுருள் வெட்டுப் போட்ட சின்ன அலுமினிய உருளை. பிடிமானம் எல்லாம் அதிலுள்ள கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத சின்னத் திருகுகள்தான். உருண்டையான தண்டின்மேல் கிரப் ஸ்க்ரூ ஒரு புள்ளியில்தான் உட்காரும். கனமான ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும், தண்ணீரில் குளிரும் மோட்டார்) இறங்கும்போது எடையே இழுத்துக்கொள்வதால் தொல்லை இல்லை. ஏறும்போதுதான் வழுக்குகிறது. கன்ட்ரோலர் 10 மிமீ ஏறியதாக நினைத்துக்கொண்டிருக்க, பிட் உண்மையில் 9.98-இல் நிற்கும். அடுத்த இறக்கம் அந்த அளவு கூடுதல் ஆழம். ஒரு தடவைக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் 200 மிமீ கிண்ணத்தை இடவலமாக, 0.6 மிமீ இடைவெளியில் உழுதால் முந்நூறு தடவைக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். 8 மிமீ என்று வரைந்த அடி, கடைசிப் பக்கத்தில் அப்பளம்.

இதனால் வட்டக் கிண்ணத்துக்குச் சுருள் பாதைதான் நல்லது. வாய் விளிம்பில் தொடங்கி நடு அடி வரை இசட் ஒரே போக்கில் இறங்கிவிடும், ஏற்றமே கிடையாது. இதழ் இதழாக விளிம்பு வைத்த கிண்ணத்தில் இந்தச் சலுகை முழுதாகக் கிடைக்காது. ஒவ்வொரு இதழுக்கும் கொஞ்சம் ஏறி இறங்கியே தீரும்.

ஆழம் தவறினால் எல்லாப் பழியையும் கப்ளிங்மேல் போடவும் கூடாது. தண்டுக்கும் கப்ளிங்குக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். வேலை முடிந்தபின் கோடு விலகியிருந்தால் வழுக்கல். கோடு நேராக இருந்தும் ஆழம் தவறினால் மோட்டார் ஸ்டெப் விடுகிறது, அதாவது சொன்ன அளவு சுழலாமல் பின்தங்குகிறது. அதற்கு ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோலர் மென்பொருளில் $122 (இசட்டின் முடுக்கம்), $112 (இசட்டின் உச்ச வேகம்) இரண்டையும் பாதியாக்கிப் பாருங்கள். வழுக்கலுக்கு மருந்து, தண்டைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப் வகைக் கப்ளிங். மாட்டுமுன் தண்டில் துளி எண்ணெய் இல்லாமல் தின்னரால் துடைக்க வேண்டும். போன முறை மாட்டியதும் கிளாம்ப் வகைதான், அதுவும் வழுக்கியதற்குக் காரணம் இந்த எண்ணெய்ப் பிசுக்கு. கிரப் ஸ்க்ரூ வகையே கையில் இருந்தால், தண்டில் அரத்தால் சின்னத் தட்டை ஒன்று எடுத்து, நீல லாக்டைட் வைத்து இறுக்குங்கள். இந்த விலைக்கு மெஷினை விற்றுவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை இங்கே மிச்சம் பிடித்தவர்களை என்ன சொல்வது!

கரண்ட் போனால் இன்னொரு கூத்து. பால் ஸ்க்ரூவில் உராய்வு குறைவு, மோட்டாரின் பிடி விட்டதும் ஸ்பிண்டில் தன் எடையிலேயே இறங்கும். பாதி செதுக்கிய கிண்ணத்தில் பிட் உட்கார்ந்த தழும்பு பதியும், உயரத்தை எண்ணத் தொடங்கும் ஜீரோவும் போய்விடும். மெஷின் முழுவதற்கும் யுபிஎஸ் கட்டுப்படியாகாது. ஆனால் கட்டையின் மேல்பரப்பைத் தொட்டு ஜீரோ எடுக்காமல், அடிப்பலகையைத் தொட்டு எடுத்தால் மீட்கலாம். மேல்பரப்பைத்தான் முதலிலேயே சீவித் தள்ளிவிடுகிறோமே.

எரிச்சல் இத்தனை இருந்தும் மரத்தைப் பார்த்தால் மனசு மாறுகிறது. தூங்குமூஞ்சி மரம் இந்த வேலைக்கென்றே பிறந்தது: சுருக்கம் குறைவு, அரைகுறை ஈரத்தில் செதுக்கினாலும் அதிகம் முறுக்காது. ரஃபிங் என்ற முதல் முரட்டுச் செதுக்கில் 1.5 மிமீ விட்டு, சில நாள் கழற்றி வைத்து, கட்டையை அதே இடத்தில் நிறுத்தும் பின்களில் திரும்ப மாட்டி ஃபினிஷிங் ஓட்டினால் போதும். பலாவின் மஞ்சள் அழகுதான், நாரின் திசை மாறும் இடத்தில் சிராய் எழும்பும். தேக்கில் சிலிகா இருப்பதால் பிட்டின் முனை சீக்கிரம் மழுங்கும். கார்பைடு பிட் தவிர வேறெதுவும் வேண்டாம்.

6 மிமீ பால்நோஸ் (முனை உருண்ட பிட்), நிமிடத்துக்கு 18,000 சுற்று, நிமிடத்துக்கு 1800 மிமீ, இரண்டு வெட்டுமுனை: பல்லுக்கு 0.05 மிமீ சீவல். 0.6 இடைவெளியில் அடிப்பகுதியில் இரண்டு தடங்களுக்கு நடுவே நிற்கும் வரம்பின் உயரம் 0.015 மிமீ மட்டுமே, 180 உப்புத்தாளுக்கே ஓடிவிடும். 60 டிகிரி சாய்ந்த சுவரில் அதே இடைவெளி 1.2 ஆக நீள்வதால் வரம்பு நான்கு மடங்கு. சுவருக்கு மட்டும் 0.3 வையுங்கள். மொத்தத்துக்கும் 0.3 வைத்தால் முக்கால் மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகும், அடியில் பலன் ஏதுமில்லை. பால்நோஸின் நடுமுனை சுற்றினாலும் நகராது. தட்டையான அடியை அது வெட்டாது, தேய்க்கும், கருக்கும். அங்கே மூலை உருட்டிய கிண்ண பிட்தான் சரி.

ஆழத்தில் பேராசை வேண்டாம். பிட்டை இறுக்கிப் பிடிக்கும் ஈஆர்11 நட்டின் விட்டம் 19 மிமீ, செங்குத்துச் சுவரில் பிட்டுக்கு முன்னால் நட்டுதான் விளிம்பில் முட்டும். அதற்காகப் பிட்டை 40-லிருந்து 50 மிமீ நீட்டினால் வளைவு கிட்டத்தட்ட இரட்டிப்பு, சுவரெல்லாம் அதிர்வுத் தழும்பு.

திருப்பிப் போட்டு வெளிப்புறம் செதுக்க இரண்டு 8 மிமீ பின்கள் போதும், துளைகளை அடிப்பலகையில் மெஷினே போட வேண்டும். எக்ஸ், ஒய் செங்கோணம் தவறியிருந்தால் வட்டம் ஒரு மூலைவிட்டத்தில் நீளும், திருப்பியபின் மற்றதில். தவறு இரண்டு பங்காகி, விளிம்பில் நகம் தட்டும்.

எக்ஸ், ஒய் அச்சுகளில் மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லை. ஸ்பிண்டில் சத்தமே போடுவதில்லை. செதுக்கு கண்ணுக்குக் குளிர்ச்சி. வாங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம். வட்டக் கிண்ணம் மட்டும் போதுமென்றால் கடைசல் பட்டறையில் கொடுங்கள், இது ரஃபிங் முடிப்பதற்குள் அங்கே பாலிஷே ஆகியிருக்கும். இலை வடிவம், நீள்வட்டம், வரிவரியான சுவர் என்று கடைசலுக்கு எட்டாதவற்றைச் செய்பவர்கள் எப்படியும் வாங்கத்தான் போகிறார்கள். அவர்கள் கப்ளிங்கையும் சேர்த்தே ஆர்டர் போடட்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு: அந்தக் கோட்டுக்கு மார்க்கர் வேண்டாம், எண்ணெய்க் கை பட்டால் அழிந்துவிடும். வெள்ளை நெயில் பாலிஷ் நிற்கும்.