இங்கிலீஷ் வார்த்தை சேக்க எது தோது: சிறுகதையா, கார்டு ஆப்பா, மனப்பாட லிஸ்டா?

அக்கா மக காலேஜ் முடிச்சிட்டு பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கா. இங்கிலீஷ் வொக்காபுலரிக்கு எந்த வழியில போகணும்னு வீட்ல ஒரு பஞ்சாயத்தே ஓடுச்சு. அத்தான் வேர்டு லிஸ்ட் புக்கு ஒண்ணு வாங்கி உருப்போடச் சொல்லுதாரு, கோச்சிங்ல தினம் இங்கிலீஷ் பேப்பர் எடிட்டோரியல் படிங்காங்க, அவ கூட்டாளி ஒருத்தி ஃபோன்ல ஃப்ளாஷ்கார்டு ஆப், அதாவது முன்பக்கம் வார்த்தையும் பின்பக்கம் அர்த்தமுமா கார்டு காட்டுத ஆப், ஏத்திக் குடுத்துட்டா. நான் சின்னச் சின்ன கதை, அதுக்குப் பின்னாலயே பயிற்சி, இந்தக் கட்சி. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒரு ஆபீஸ்ல கணக்கெழுதப் போன எனக்கு இங்கிலீஷ் மெயில் படிக்கவும் எழுதவும் தெம்பு குடுத்தது அந்த வழிதான், அதனால எங்கிட்ட நடுநிலைமைய எதிர்பாக்காதீங்க.

லிஸ்டைப் பத்தி நீட்டி முழக்க ஒண்ணுமில்ல. விலை கம்மி, பஸ்ல நின்னுக்கிட்டே பாக்கலாம், பத்து வார்த்தைக்கு டிக் போட்டா மனசுக்கும் ஒரு திருப்தி. அடுத்த வாரம் திருப்பிப் பாத்தா பாதி எங்க போச்சுன்னே தெரியாது, இதுவும் எல்லாரும் பட்டதுதான். 1885-லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன்னையே சோதனைக்கு வச்சு, மனப்பாடம் பண்ணது எவ்வளவு வேகமா மறக்குதுன்னு அளந்து புஸ்தகமே போட்டாரு. அவரு உருப்போட்டதெல்லாம் அர்த்தமில்லாத வெறும் அசைகள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒட்டு உறவே இல்லாத நாப்பது வார்த்தைய வரிசையா உருப்போடுத நம்ம பாடும் அதுக்கு ரொம்ப தூரத்துல இல்ல.

ஆனாலும் லிஸ்டை முழுசா தூக்கிப் போட்டுறக் கூடாது. மத்திய அரசு வேலைக்கு வைக்குத எஸ்எஸ்சி பரீட்சையில ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூஷன்னு ஒண்ணு வரும், ஸ்டாம்பு சேக்குறவருக்கு என்ன பேரு, ராஜாவைக் கொல்றதுக்கு என்ன பேருன்னு கேப்பான், அதெல்லாம் எத்தனை கதை படிச்சாலும் கண்ணுல படாது. பழைய கொஸ்டின் பேப்பர்ல வந்ததைத் தொகுத்து வச்சு பரீட்சைக்கு முன்னால பாத்துட்டுப் போகணும். லிஸ்டோட வேலை அதோட முடிஞ்சுது.

எடிட்டோரியல் விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கோவமே உண்டு. படிக்கது கெடுதல்னு சொல்லல, யாருக்குச் சொல்லுதோம்னு பாக்காம எல்லாருக்கும் அதையே சொல்லுதாங்களே, அதான். நியூசிலாந்துல பால் நேஷன்னு ஒரு வொக்காபுலரி ஆராய்ச்சிக்காரர், அவரும் கூட ஒருத்தரும் 2000-ல எழுதின ஆய்வுல, யாரு துணையும் இல்லாம ஒரு கதையைப் புரிஞ்சு படிக்கணும்னா அதுல சுமார் 98 சதவீதம் வார்த்தை முன்னமே தெரிஞ்சிருக்கணும்னு சொன்னாங்க. அதாவது அம்பதுக்கு ஒண்ணு தெரியாததா இருக்கலாம், அதுக்கு மேல போனா திணறல்தான். ஒரு பக்கத்துக்கு 250 வார்த்தைன்னு வச்சுக்கிட்டா அஞ்சு வார்த்தை. புக்கை வாங்குததுக்கு முன்னால கடையிலயே ஒரு பக்கம் விரலை மடக்கிக்கிட்டே படிங்க, அஞ்சும் மடங்கின பிறகும் பக்கம் பாக்கி கெடந்தா அந்தப் புக்கு இப்போதைக்கு நமக்கு வேண்டாம். எங்க பிள்ளைக்கு எடிட்டோரியல்ல முதல் ரெண்டு பத்தியிலயே ரெண்டு கையும் மடங்கிருது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஃபோனைத் தட்டித் தட்டி அர்த்தம் பாத்து முடிச்சப்புறம், கட்டுரை என்னத்தா சொல்லுச்சுன்னு கேட்டா முழிக்கா. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டுன்னு பேரெடுத்த பாளையங்கோட்டையில, 1895-லயே பொம்பளப் பிள்ளைகளுக்குன்னு சாரா டக்கர் காலேஜ் வந்த ஊர்ல, இன்னைக்கும் பிள்ளைக இங்கிலீஷுன்னா ஒதறுதுன்னா இப்படி எடுத்த எடுப்பிலயே கரடுமுரடானதைக் கையில திணிக்கதும் ஒரு காரணம்னு நான் நினைக்கேன். ஒரு கட்டம் தாண்டினப்புறம் எடிட்டோரியல் நல்ல பொருள்தான், அது தனி விஷயம்.

இனி நிசமான போட்டி ஆப்புக்கும் கதைக்கும்தான்.

ஃப்ளாஷ்கார்டு ஆப்பைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆங்கின்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் காசில்லாம கெடைக்கும், ஐஃபோனுக்குத்தான் துட்டு. ஞாபகம் இருக்குன்னு சொன்ன கார்டு தள்ளித் தள்ளி வரும், மறந்துட்டேன்னு சொன்னது உடனே திரும்ப வரும். 1970-கள்ல லைட்னர்னு ஒரு ஜெர்மன் பத்திரிகைக்காரர் அட்டைப் பெட்டிய அறை அறையா தடுத்துச் செஞ்ச வித்தையோட அடிப்படைதான் இதுலயும். வேலை செய்யுத முறை, சந்தேகமே இல்ல.

ஆனா வண்டி வாங்கப் போனா சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும்னு கேக்கோம்லா, அந்தக் கேள்விய வொக்காபுலரிக்கு யாரும் கேக்கதில்ல. படிச்ச வார்த்தைய மறக்காம வச்சிருக்க தினம் எவ்வளவு நேரம் செலவாகும், நாலு நாள் விட்டா என்ன ஆகும், இதுதான் எனக்கு முடிவு பண்ண வச்ச விஷயம். ஆங்கிய அப்படியே ஏத்தினா ஒரு நாளைக்கு 20 புது கார்டுன்னு இருக்கும். முதல் வாரம் ஜாலியாத்தான் போகும். ஆனா நேத்துப் படிச்சதும் வரும், முந்தாநாள் படிச்சதும் வரும், போன வாரம் மறந்ததும் வரும், சில வாரத்துல தினம் நூறுக்கு மேல ரிவ்யூ வந்து வரிசையில நிக்கும். அந்த நேரம் பாத்துத்தான் டவுன்ல நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் வரும், வீடு பூரா சொந்தக்காரங்க, அடுத்தாப்ல சங்கரன்கோவில்ல ஒரு கல்யாணம். நாலஞ்சு நாள் கழிச்சு ஆப்பைத் திறந்தா பாக்கி நானூறு, ஐநூறுன்னு நிக்கி. ஒரு நாளைக்கு 200-க்கு மேல காட்டாம அதுவா நிப்பாட்டிக்கிடும், ஆனா மிச்சம் எங்கயும் போயிராது. அந்த நம்பரைப் பாத்ததும் ஆப்பை மூடுத பிள்ளைகதான் நிறைய, புதுசா படிக்கணும்ங்க ஆசையும் அதோட போயிரும்.

கதையில அந்தக் கடன் ஏறாது. ஒரு வாரம் விட்டா என்ன, கடைசி ரெண்டு பக்கத்தைத் திருப்பிப் படிச்சிட்டு விட்ட இடத்துல இருந்து போலாம். அதுக்காக எந்தக் கதையையும் எடுத்துக்கிடக் கூடாது, படிநிலை போட்டு எழுதின கதைகளா இருக்கணும். 1920-கள்ல டாக்காவில வாத்தியார்களுக்குப் பயிற்சி குடுத்துக்கிட்டு இருந்த மைக்கேல் வெஸ்ட்னு ஒரு இங்கிலீஷ்காரர், நம்ம நாட்டுப் பிள்ளைக படுத பாட்டைப் பாத்துத்தான் வார்த்தைய எண்ணிக் கட்டுப்படுத்தி ரீடர்னு சொல்லுத வாசிப்புப் புக்குகளை எழுதினாரு. சுமார் 2000 வார்த்தை கொண்ட அவரோட பிரபலமான பட்டியல் 1953-ல வந்துச்சு. இப்ப கெடைக்குற ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசையும் அதே போக்குலதான், முதல் நிலைக்கு 400 வார்த்தை, ஆறாவது நிலைக்கு 2500. 400 வார்த்தைக்குள்ள ஒரு முழுக் கதைய நடத்தணும்னா ஒரே வார்த்தை வேற வேற எடத்துல திரும்பத் திரும்ப வந்துதான தீரணும். ஆப் நமக்கு நினைவுபடுத்துத வேலைய இங்க கதையே பாத்துக்கிடுது, நமக்கு அது ரிவ்யூன்னே தோணாது.

இன்னொண்ணு, கார்டுல ரிலக்டன்ட்னா தயக்கம்னு ஒரு வரிதான் இருக்கும். கதையில ஒருத்தன் போலீஸ்காரர் முன்னால பர்ஸைத் திறந்து, நோட்டை எண்ணி, திரும்பவும் எண்ணி, ரிலக்டன்ட்லி ஃபைன் கட்டுதான்னு வந்தா எதுக்கு அந்த வார்த்தைய எடுக்கணும், மனசுல்லாம செய்யுத வேலைக்குத்தான்னு புரிஞ்சிரும். மேடையேற வெக்கப்பட்டுத் தயங்குத பிள்ளைய 'ஷை'ன்னுதான் சொல்லுவாங்கன்னு இன்னொரு கதையில பாத்துருவோம். எந்த வார்த்தை எதோட சேரும்ங்கதும் அப்படித்தான், ஸ்ட்ராங் டீ, ஹெவி ரெயின், இதை மாத்திச் சொல்லக் கூடாதுன்னு லிஸ்ட் சொல்லாது.

சரி, சும்மா கதை படிச்சா மட்டும் போதுமான்னா, போதாது. சுவாரசியத்துல கண்ணு ஓடிரும், புது வார்த்தை மேல நிக்காது. பயிற்சி அதுக்குத்தான். எங்க பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது இதான்: முதல் தடவை டிக்‌ஷனரிய தொடாம கதைய முடிச்சிரணும். ரெண்டாம் தடவை பென்சிலால கோடு போட்டு, அதுல இருந்து ஏழெட்டு வார்த்தை மட்டும் எடுக்கணும், ஆசைப்பட்டு முப்பது எடுத்தா மறுபடியும் லிஸ்ட் கதைதான். ஒரு கோடு போட்ட நோட்டுல, அந்த வார்த்தை வந்த வாக்கியத்தைக் கதையில இருக்கபடியே எழுதி, வார்த்தை இருக்க வேண்டிய எடத்துல முதல் எழுத்தை மட்டும் போட்டு மிச்சத்தைக் காலியா விட்டுரணும். விடை அந்தத் தாளுக்குப் பின்பக்கம். அடுத்த வாரம் கதைய மறந்திருப்பா, அப்ப நோட்டை எடுத்து பேனாவால நிரப்பணும். அவ நோட்டுல ஒரு பக்கத்தைப் பாத்தேன், ரிலக்டன்ட்லிக்கு நேரா முதல்ல ரெகுலர்லின்னு எழுதி அடிச்சிட்டு, கதையில அந்த ஆளு பர்ஸை எண்ணுனது ஞாபகம் வந்து சரியானதை எழுதியிருக்கா. "மாமா, அர்த்தம் ஞாபகம் வரல, அந்த ஆளு மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு"ன்னா. எனக்கு அதுபோதும்.

இந்தக் கோடிட்ட இடம் நிரப்புத வேலைக்கு க்ளோஸ் டெஸ்ட்னு பேரு வச்சதே 1953-ல வில்சன் டெய்லர்னு ஒரு அமெரிக்கக்காரர், ஒரு கட்டுரை படிக்க எவ்வளவு லேசுன்னு அளக்கதுக்காக. இப்ப அதுவே பேங்க், எஸ்எஸ்சி பேப்பர்ல கேள்வியா வந்து நிக்கி, அதனால ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. நாலு விடையில ஒண்ணை டிக் பண்ணுத பயிற்சிய நான் கடைசியிலதான் வைப்பேன், அதுல பாத்தா தெரியும்ங்க அளவுதான் வளரும், நாமளா எடுத்து எழுத வராது. கதைய அஞ்சு வாக்கியத்துல திருப்பி எழுதுததுதான் கஷ்டமான பயிற்சி, எழுத வருதது அதுலதான்.

பேங்க் எக்ஸாம்னு பாத்தா இன்னொரு கணக்கும் இருக்கு. பேங்க் ஆபீசர் வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ பரீட்சையோட முதல் கட்டமான ப்ரிலிம்ஸ்ல இங்கிலீஷ் 30 கேள்விக்கு 20 நிமிஷம். கேள்விக்கு 40 செகண்டு, அதுக்குள்ள பத்தியும் படிக்கணும். கார்டு பாத்துப் பழகின கண்ணுக்கு வார்த்தை தெரியும், ஆனா வரி வரியா வேகமா ஓட வராது. கதை படிச்ச கண்ணுக்கு அது பழகிப் போயிருக்கும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். நம்ம ஸ்கூல் ஒம்பதாம் கிளாஸ், பத்தாம் கிளாஸ் இங்கிலீஷ் புக்குல சப்ளிமென்ட்ரின்னு கதை இருக்கும், கூடவே பயிற்சியும் இருக்கும், பாடநூல் கழகம் பிடிஎஃபா சும்மாவே குடுக்கு. படிக்கும்போது மார்க்குக்காகத் தாண்டிப் போனதை இப்ப நிதானமா படிச்சா தெரியும், அது எவ்வளவு தோதான அளவுல இருக்குன்னு. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல மெம்பரானா அங்கயும் தேடிப் பாக்கலாம். பழைய புக்கை அடுத்த பிள்ளைக்குக் குடுத்துறலாம், ஆனா நோட்டைக் குடுக்காதீங்க, அடுத்தவங்க போட்ட கோடிட்ட இடம் நமக்கு உதவாது.

கதை வழியோட குறையையும் சொல்லிருதேன். புக்வோர்ம்ஸ் வரிசையில 2500 வார்த்தை வரைக்கும் படி கட்டி வச்சிருக்கு, அதுக்கப்புறம் அந்த வரிசையில படி கெடையாது. நாவலைத் துணை இல்லாம படிக்க எட்டாயிரம், ஒம்பதாயிரம் வார்த்தைக் குடும்பம் (ஒரே வேர்ல இருந்து வருத வார்த்தைகளைச் சேத்து ஒண்ணா எண்ணுதது) வேணும்னு அதே நேஷன் 2006-ல கணக்குப் போட்டிருக்காரு. நடுவுல இருக்க அந்த ஆயிரக்கணக்கான வார்த்தை கதையில எப்பவாச்சும்தான் தலை காட்டும், அடுத்த தடவை வரதுக்குள்ள மறந்திரும். அந்தக் கட்டத்துல ஆப் கெலிக்கும்னுதான் தோணுது, நான் அந்த எல்லையிலதான் நிக்கேன், அதுக்கு மேல அடிச்சுச் சொல்ல எனக்கு அனுபவம் பத்தாது. ஸ்போக்கன் இங்கிலீஷுக்கும் அப்படியே, வாய் பேசப் பழகுததுக்குக் கதை எவ்வளவு உதவும்னு சொல்லுத அளவுக்கு நான் பேசிப் பாக்கல.

அதனால இப்ப ரெண்டையும் சேத்துத்தான் ஓட்டுதேன். வெளியில இருந்து ரெடிமேட் கார்டுக் கட்டு எதையும் எறக்காம, கதையில கோடு போட்ட வாக்கியத்தை மட்டும் கார்டாக்குதேன், முன்பக்கம் காலி எடத்தோட வாக்கியம், பின்பக்கம் வார்த்தை. நீங்களும் ஆப்பை ஏத்தினீங்கன்னா முதல் வேலையா செட்டிங்ஸ்ல போயி அந்த 20-ஐ 5-ஆக்கிருங்க. தேரோட்டம் வந்தாலும் பாக்கி நூறு, நூத்தி இருபதோட நிக்கும், ரெண்டு டீ குடிக்க நேரத்துல கிட்டத்தட்ட முடிச்சிறலாம்.