இடது தொடையோரம்: ஒன்றரை வருட இரவு நப்பி அனுபவம்

இரண்டு மாதங்களுக்கு முன்னர், எங்கள் பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டி, காங்கேசன்துறை வீதியோரமாகக் கடை வைத்திருக்கும் மெத்தை தைப்பவர் ஒருவரிடம் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறையைப் பிரித்து, கட்டிபட்டுப் பழுப்பேறிக் கிடந்த பஞ்சைக் கையால் உதிர்த்துப் பார்த்தவர், கூலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே, "பிள்ளை சுவரைப் பார்த்துச் சரிஞ்சு படுக்கிறவனோ?" என்று கேட்டார். மல்லாந்து படுக்கிற பிள்ளையின் கறை வட்டமாக இருக்குமாம். இதுவோ ஒரு பக்கமாக நீண்டு ஓடியிருக்கிறதாம். பிள்ளைக்குப் போடும் நப்பி இரவில் ஒழுகுகிறதென்று நப்பியை மாற்றி, அளவை மாற்றி, கடையை மாற்றி, மனைவியோடு மூன்று தடவையாவது மனஸ்தாபப்பட்டும் இருந்த நான், மகன் எந்தப் பக்கமாகப் படுக்கிறான் என்பதை ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

இந்தக் கிழமை, அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், ஒன்பது மாதக் குழந்தையின் தகப்பன், "அண்ணை, இரவில ஒழுகாத பம்பேர்ஸ் எது?" என்று கேட்டார். அவருக்கு நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியாத பதில் என்பதால் இதை எழுதுகிறேன். எந்தக் கம்பனி செய்ததாயினும் எங்கள் ஊரில் கடையில் வாங்கும் நப்பிக்குப் பம்பேர்ஸ் என்றுதான் பெயர். நாங்கள் பாவிப்பது அந்தப் பெயருடையது அன்று, வேறொரு கம்பனியுடையது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாராட்டா முறைப்பாடா என்று எனக்கே தெரியாத ஒன்றுக்கு அது விளம்பரமாகிவிடும்.

மகனுக்கு இப்போது இரண்டு வயதும் நான்கு மாதமும். நிறை பன்னிரண்டு கிலோ. பத்து மாதத்திலிருந்து இரவில் மட்டும் கடை நப்பி போடுகிறோம். பகலில் வெறும் காற்சட்டையோடு முற்றத்தில் திரிவான். மனைவிக்கு மருத்துவமனையில் இரவுக் கடமை அடிக்கடி வரும் ஆகையால், அதிகாலை மூன்றரை மணி என்பது இந்த வீட்டில் என் பொறுப்பு.

கடை நப்பிக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தது 2022 இல். இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறிக்கொண்டே போன அந்த மாதங்களில் நாங்கள் துணி நப்பிக்குத் திரும்பினோம். அந்த மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது. காற்றாடி இல்லாத இரவில், றப்பர் சீற்றின் மேல், வியர்வையும் சலமும் கலந்து ஊறிக் கிடந்த குழந்தையின் தொடையிடுக்கு சிவந்து தோலுரிந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது. இதில் எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிற அதே கல்சியம், சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரையாகாமல் பிசுக்காகித் துணியின் இழையில் ஒட்டிக்கொள்ளும். நாள் செல்லச் செல்லத் துணி வெயிலில் காய்ந்த அப்பளம்போல விறைத்துப் போவதோடு, ஈரத்தை உறிஞ்சவும் மறுத்துவிடும். துணி மணக்காமல் இருக்கட்டுமென்று நாங்கள் வாங்கி ஊற்றிய மென்மையாக்கித் திரவம் அதை இன்னும் மோசமாக்கியது என்பதைப் பிந்தித்தான் அறிந்தோம். அதுவும் இழைமேல் ஒரு பூச்சுப்போலப் படிகிறது. கடைசியில் மாமிதான், பீலியால் வழிந்த மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, கடைசி அலசலை அதில் செய்து துணியை மீட்டெடுத்தார். ஆனால் மழை பெய்கிற மாதங்களில் தண்ணீர் இருக்கும், காயப்போட வெயில் இருக்காது. இந்த முடிச்சு எங்களால் அவிழ்க்கப்படவில்லை.

ஆகவே இரண்டாவது பிள்ளைக்குக் கடை நப்பி என்று முடிவெடுத்தபோது எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இருக்கவில்லை. இன்றுவரை இவனுக்கு ஒரு நாளும் ஈரத்தால் தோல் சிவக்கவில்லை. காலையில் கழற்றும்போது தோல் பால்நிறமாக, உலர்ந்து இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லக்கூடாது.

குறையாகச் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த ஒன்று கிழமைக்கு நான்கு தடவை வந்தது. ஒன்பது மணிக்குப் பால் குடித்துப் படுப்பான். மூன்று, மூன்றரைக்கு ஒரு முனகல் கேட்கும். கையை வைத்துப் பார்த்தால் காற்சட்டையின் இடது தொடையோரம் குளிர்ந்திருக்கும், விரிப்பு நனைந்திருக்கும், நப்பியின் பின்பக்கமோ புதிதாகப் பைக்கற்றிலிருந்து எடுத்ததுபோல மெத்தென்று இருக்கும். நிரம்பி வழிந்தால் மனம் ஆறும். நிரம்பாமலே வழிகிற பாத்திரத்தை யாரிடம் போய்ச் சொல்வது? பைக்கற்றின் முகப்பிலோ பன்னிரண்டு மணித்தியாலப் பாதுகாப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

மெத்தைக்காரர் சொன்ன அன்றிரவு ஒழுகிய நப்பியை எறியாமல், காலையில் மாமி காணாதவாறு குசினித் தராசில் வைத்தேன். புதிது ஒன்று முப்பத்தைந்து கிராம். ஒழுகியது இருநூற்றி எழுபது கிராம். பிறகு இன்னொரு புதிய நப்பியை மேசையில் விரித்து, பிள்ளையின் பால் போத்தலால் அளந்து, உப்புப் போட்ட தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினேன். நானூறு மில்லிலீற்றரையும் ஒரு துளி சிந்தாமல் குடித்துவிட்டது. மேசையில் நானூறைக் குடிக்கிற அதே பொருள் மகனின் இடுப்பில் இருநூற்றி முப்பத்தைந்துக்கு மேல் தாங்க முடியாமல் வழிகிறதென்றால், கொள்ளளவில் குற்றமில்லை.

ஒழுகிய நப்பியைக் கத்தரிக்கோலால் நடுவே வெட்டித் திறந்தபோது விடயம் கண்ணுக்கே தெரிந்தது. உள்ளே மரக்கூழ்ப் பஞ்சோடு கலந்து, சீனிபோலச் சிறு மணிகளாக இருப்பது சோடியம் பொலிஅக்ரிலேற்று என்ற பொருள். தூய தண்ணீரில் தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கை உறிஞ்ச வல்லது. சலத்தில் இருக்கும் உப்பு அந்த ஆற்றலைச் சில பத்து மடங்காகக் குறைத்துவிடும். நான் உப்புத் தண்ணீரை ஊற்றியது அதற்காகத்தான். வெட்டிய நப்பியின் முன்புற இடது மூலையில் அந்த மணிகள் ஊதிப் பருத்து, ஒட்டி ஒட்டி, ஆறிய கூழ்போல ஒரே கட்டியாகிக் கிடந்தன. அந்தக் கட்டி தனக்குப் பின்னால் இருந்த மணிகளுக்கு ஈரம் போகாமல் வழியை அடைத்துவிட்டது. பின்பக்கமும் வலப்பக்கமும் விரலால் தேய்த்தால் மணிகள் இன்னும் நறநறவென்று கேட்டன. பிள்ளை இடப்பக்கம் சரிந்து கிடக்கிறான். சலம் கீழேதான் இறங்கும். கீழே இருப்பது இடது தொடை. அங்கே கட்டி அடைத்துக்கொண்டால், மிச்சம் தொடைச் சுருக்கின் வழியாக மெத்தைக்குப் போகும். மெத்தைக்காரர் பஞ்சில் வாசித்ததை நான் நப்பியில் வாசித்தேன்.

இதன் பிறகு செய்தவற்றை, பிரயோசனப்பட்ட அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். நப்பியின் கால் ஓரத்தில் இரண்டு சுருக்குகள் உண்டு: வெளியே தெரிகிற இலாஸ்ரிக் ஒன்று, உள்ளே சிறு மதில்போல நிமிர்ந்து நிற்க வேண்டிய மெல்லிய சுருக்கு ஒன்று. அந்த உள்மதில் மடிந்து படுத்துவிட்டால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. போட்ட பின் சுட்டுவிரலை இரண்டு தொடையோரமும் ஒரு சுற்று ஓடவிட்டு அதை நிமிர்த்த வேண்டும். ஆண்பிள்ளைக்கு உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துத்தான் அணிவிக்க வேண்டும். மேல்நோக்கியிருந்தால் இடுப்புப் பட்டியால் பாயும். இவை இரண்டையும் செய்ததில் கிழமைக்கு நான்கு என்பது இரண்டாயிற்று.

அளவு விடயத்தில்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பன்னிரண்டு கிலோப் பிள்ளைக்கு இந்தக் கம்பனியின் பைக்கற்றில் இரண்டு அளவுகள் பொருந்துவதாகப் போட்டிருக்கிறது. சிறியதைப் போட்டால் தொடையில் சிவப்பு வரி விழுகிறது, அதற்குள் உறிஞ்சும் பகுதியும் குட்டை. பெரியதைப் போட்டால் உறிஞ்சும் பகுதி நீளம், ஆனால் என் மகனின் மெலிந்த தொடைக்கும் சுருக்குக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகும். இரவுக்கு ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தொடை கொழுத்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் சொல்கிறார்கள். நான் பெரியதையே எடுத்து, மூத்தவளின் பழைய பிளானல் துணியை நான்கு விரல் அகலத்தில் நான்காக மடித்து, இடது தொடையோரமாக உள்மதிலுக்கு உட்புறத்தில் வைக்கத் தொடங்கினேன். பாய்கிற வேகத்தை அந்தத் துணி ஒரு கணம் தாங்கிக்கொள்ள, மணிகளுக்கு உறிஞ்ச அவகாசம் கிடைக்கிறது. ஒரு நப்பிக்குக் கிட்டத்தட்ட நூறு ரூபா கொடுத்து வாங்கியவன், கடைசியில் 2022 இன் துணியை எடுத்து அதற்கு முட்டுக் கொடுக்கிறேன்.

காற்சட்டை வகையா, இரு பக்கமும் ஒட்டுகிற வகையா என்று கேட்பவர்களுக்கு: நித்திரையில் மாற்றுவதற்கு ஒட்டுகிற வகைதான் சுகம். ஆனால் இந்த வயதில் பிள்ளைக்கு அந்த ஒட்டைப் பிய்க்கும் சத்தத்தில் ஒரு சந்தோசம் வந்துவிடுகிறது. விளக்கணைத்தபின் இருட்டில் அந்தச் சர்ரென்ற சத்தம் கேட்டால் அன்றைய இரவு போயிற்று. ஆகவே காற்சட்டை வகை. பதினொரு மணிக்கு நான் படுக்கப்போகுமுன் இரு பக்கமும் கிழித்து மாற்றுவதுண்டு, அவன் விழிக்காத நாட்களில்.

பாவித்ததை எங்கே போடுவது என்பது தனிக் கதை. முற்றத்தில் எரித்துப் பார்த்தோம். எரியவில்லை, புகைந்தது, அயல் வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் பார்த்தார். குழியில் போட்டதை நாய் தோண்டி இழுத்துக்கொண்டு ஒழுங்கை முழுவதும் போயிற்று. இப்போது சுருட்டி, பையில் கட்டி, குப்பை வண்டி வரும் நாளுக்குக் காத்திருக்கிறோம்.

நியாயமாகச் சொன்னால், சுவர் நாட்காட்டியில் நான் குறித்த கணக்கின்படி, துணி வைக்கத் தொடங்கிய பின் ஆறு கிழமைகளில் ஐந்து தடவைதான் ஒழுகியது. தோலுக்கு நல்லது. மணமில்லை. பிள்ளை விடியும்வரை உறங்குகிறான். இவ்வளவையும் எழுதிவிட்டு அந்தத் தம்பிக்கு நான் சொல்லப்போவது, இதை வாங்க வேண்டாம் என்பதுதான். எங்கள் அலுமாரியில் பிரிக்காத பைக்கற்றுகள் இரண்டு கிடக்கின்றன. சென்ற மாதம் விலை குறைந்தபோது நானே வாங்கி வைத்தவை.

போன ஞாயிற்றுக்கிழமை, அறை வெக்கையாக இருக்கிறதென்று மாமி கட்டிலைச் சன்னலோரம் திருப்பிப் போடுவித்தார். புதிதாகத் தைத்து வந்த மெத்தை. மேலே புது விரிப்பு. சுவர் இப்போது மகனின் வலப்பக்கம் வந்துவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. நேற்று அதிகாலை மூன்று நாற்பதுக்கு எழும்பிப் பார்த்தபோது அவன் சுவரைப் பார்த்துச் சரிந்து கிடந்தான். வலது தொடையோரம் குளிர்ந்திருந்தது. பிளானல் துணி இடப்பக்கத்தில், நான் மடித்து வைத்த மடிப்புக் குலையாமல், காய்ந்தபடியே இருந்தது.