27 சிகார் எங்கே போச்சு? ஏழு வருட இருப்புக் கணக்கு அனுபவம்

2023 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னை வெயிலுக்குப் பயந்து வெளியே போகாமல், இருக்கிற பெட்டி எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி எண்ணினேன். கூகுள் ஷீட்டில் 214 என்று இருந்தது. கட்டிலில் இருந்தது 187. இன்னொரு தடவை எண்ணினேன். அதே 187.

வேலைக்கு வரும் அம்மா மேல் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. உடனே வெட்கமாகவும் போயிற்று. அவருக்கு அந்த நாற்றமே ஆகாது, அந்த அறையைக் கூட்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

சிகார் சேர்ப்பவர்கள் எந்த ஆப் நல்லது, எந்த ஷீட் நல்லது என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2018-லிருந்து நோட்டு, ஆப், ஷீட், அட்டை என்று நான்கையும் பார்த்தாகிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: சிகாரும் புகையிலைதான், உடம்புக்குக் கெடுதல்தான். டாக்டர் 2020-ல் கண்டித்ததிலிருந்து மாதம் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். சேர்ந்துகொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம். வேலை விஷயமாக வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வெளிநாடு போய்வருவேன். நம் சுங்க விதிப்படி வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது ஆளுக்கு 25 சிகார். பெரும்பாலான கியூபப் பெட்டியிலும் 25. ஒரு பயணத்துக்கு ஒரு பெட்டி என்று கை பழகிவிட்டது.

முதல் வருடம் நோட்டு. வாங்கிய தேதி, பெயர், விலை, அவ்வளவுதான். ஒரு மர ஹியூமிடார் (சிகார் காயாமல் ஈரப்பதத்தோடு வைக்கும் பேழை), ஒரு பெட்டி, கொஞ்சம் உதிரி இருக்கும்வரை நோட்டே போதும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு ஆசைப்பட்டு ஒரு ஆப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். சிகாரில் சுற்றியிருக்கும் பட்டையை கேமராவில் காட்டினால் அதுவே கண்டுபிடித்துப் பதிந்துகொள்ளும் என்றார்கள். மான்டேகிறிஸ்டோ என்ற கியூப பிராண்டைக் காட்டியபோதுதான் சாயம் வெளுத்தது. நம்பர் 1, 2, 4, 5 எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்புப் பட்டை. நம்பர் 4 என்றால் 129 மில்லிமீட்டர் நீளம், 42 ரிங். நம்பர் 2 என்றால் 156-க்கு 52, தலை கூம்பி இருக்கும். ரிங் என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிச் சொல்லும் பருமன் கணக்கு. கண்ணால் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும், பட்டையை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு எப்படித் தெரியும்? என் நம்பர் 4 பெட்டி முழுக்க நம்பர் 2 என்று பதிவாகி, மொத்த மதிப்பு ஏகத்துக்கு ஏறிக் காட்டியது. கொஞ்ச நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆப்பில் திண்டுக்கல் சுருட்டும் கிடையாது, திருச்சி சுருட்டும் கிடையாது. ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். நான் வைத்திருந்த உறையூர்க் கட்டுக்கு 'இதர' என்ற பிரிவில் இடம் கிடைத்தது. இரண்டாம் வருடம் போன் மாற்றியபோது பழைய பதிவுகளில் பாதி வரவில்லை. வெளியே எடுக்கலாம் என்று பார்த்தால் பி.டி.எஃப். ஆக மட்டும்தான் தந்தது. சில மாதத்தில் ஆப்பே நின்றுபோனது. இதில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: பணம் கட்டுவதற்கு முன்னால், நம் கணக்கை வரிசை வரிசையாக வெளியே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற வசதியெல்லாம் அப்புறம்.

அப்படித்தான் ஷீட்டுக்கு வந்தேன். முதலில் மேலிருந்து கீழாக ஓடும் 19 பத்தி வைத்திருந்தேன். இப்போது எட்டு. முதலில் தூக்கியது ஒவ்வொரு சிகாருக்கும் நூற்றுக்கு நான் போட்ட மதிப்பெண். இரண்டு வருட மதிப்பெண்ணை வரிசைப்படுத்திப் பார்த்தால் எல்லாம் 88-லிருந்து 91-க்குள். ஆசிரியராகப் போயிருந்தால் எல்லோரையும் பாஸ் போட்டிருப்பேன் போல. விலைப் பத்தியை மட்டும் மறைத்து வைத்திருக்கிறேன், காரணம் கல்யாணம் ஆனவர்களுக்குப் புரியும். 2022-ல் கோஹிபா, டிரினிடாட் என்ற கியூப பிராண்டுகளின் விலைகளை உலகம் முழுக்க ஒரே மட்டத்துக்கு ஏற்றினார்கள். அதற்கு முன் வாங்கிய வரிசைகளைப் பார்த்தால் மனசுக்கு ஒரு ஆறுதல். மறைத்த பத்தியை எப்படித் திறப்பது என்று மனைவிக்கு அதே வருடம் தெரிந்துவிட்டது. அது தனிக் கதை.

கட்டாயம் வேண்டிய பத்தி, பெட்டியின் அடியில் இருக்கும் முத்திரை. கியூபப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மூன்றெழுத்தில் தொழிற்சாலைக் குறி, அதன் பக்கத்தில் மாதமும் வருடமும் இருக்கும். சிகார் ஊறி முதிர்ந்த வயதைக் கணக்கிட வேண்டியது இதிலிருந்துதான், கடையில் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. நான் 2021-ல் வாங்கிய ஒரு பெட்டி 2017-ல் அடைத்தது, நான்கு வருடம் எனக்கு இலவசம். ஒரு சின்னக் குழி உண்டு, மாதம் ஸ்பானிஷில் இருக்கும். ஜனவரிக்கு 'எனே', ஆகஸ்டுக்கு 'அகோ'. அப்படியே தட்டி வைத்ததில் ஷீட் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் அகரவரிசையில் அடுக்கியது. ஆகஸ்ட் பெட்டிகள் எல்லாம் ஜனவரிக்கு முன்னால் போய் நின்றன. எது பழசு என்று அதைப் பார்த்து முடிவு செய்து, ஊற வேண்டிய ஒரு பெட்டியைத் திறந்துவிட்டேன். பற்றவைத்ததும் ஊறாத சிகாருக்கே உரிய அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. இப்போது மாதத்தை எண்ணாக மாற்றித்தான் போடுகிறேன்.

சுவைக் குறிப்பில் ஆரம்பத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் மாதிரி லெதர், சீடர், கோகோ என்று எழுதிவந்தேன். ஆறு மாதம் கழித்துப் படித்தால் எனக்கே எதுவும் நினைவுக்கு வரவில்லை, எல்லா வரியும் ஒரே மாதிரி. 2021-லிருந்து என் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். 'புதுச் செருப்புக் கடை'. 'மல்லி வறுத்து இறக்கிய வாணலி'. 'கடைசியில் கருப்பட்டிக் காபி, தம்ளர் அடியில் இருக்குமே அது'. 'மழை நின்ற மாட்டுக்கொட்டகை, கெட்ட அர்த்தத்தில் இல்லை'. இப்படி எழுதியதைப் படித்தால் எந்தச் சாயங்காலம், மாடியில் யாரோடு உட்கார்ந்திருந்தேன் என்பதுவரை வருகிறது. தேடுவதும் சுலபம். 'கருப்பட்டி' என்று தேடினால் ஏழு வரிசை வரும், ஏழும் எனக்குப் பிடித்தவை.

சரி, அந்த 27-க்கு வருகிறேன்.

அன்று சாயங்காலம் மனைவி சமையலறையிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். "ஏங்க, இதைத் தூக்கிப் போடவா, வேணுமா?" உள்ளே சிகார் பட்டைகள். மாடியில் பிடிக்கும்போது பாதியில் பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது என் வழக்கம். போன் கீழே சார்ஜில் இருக்கும். காலையில் பதிந்துகொள்ளலாம் என்று படுத்துவிடுவேன், காலையில் ஆபீஸ் அவசரம். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் கிடைத்ததையெல்லாம் அவர் அந்தப் பாட்டிலில் போட்டு வந்திருக்கிறார். கொட்டி எண்ணினேன், 61. ஷீட்டில் அதே காலத்துக்குப் பதிந்திருந்த செலவு 39. ஆக, 22-க்குக் கணக்கு வந்துவிட்டது. மீதி ஐந்து தீபாவளிக்கும் நண்பனின் புதுமனைப் புகுவிழாவுக்கும் கொடுத்தது. பட்டையோடு போய்விட்டதால் பாட்டிலுக்கு வரவில்லை.

எந்த ஆப்பும் ஷீட்டும் சரியாக வராததற்குக் காரணம் அன்றுதான் பிடிபட்டது. வரவு எழுதுவதில் யாருக்கும் சோம்பல் கிடையாது. புதுப் பெட்டி வந்த அன்று முத்திரை, விலை, படம் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பதிவோம். செலவு எழுதத்தான் ஆள் இல்லை. இருட்டில், கையில் கட்டரும் லைட்டருமாக நிற்கும்போது யார் போனைத் திறப்பார்கள்?

அதனால் பெட்டிக்குள்ளேயே ஓர் அட்டை வைத்தேன். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டியதுதான், வாசனை பூசாத வெள்ளைப் பக்கமாகப் பார்த்து எடுத்தேன். மேலே பெட்டி எண், முத்திரைத் தேதி. கீழே 25 கோடு. பென்சிலை நூலில் கட்டி ஹியூமிடார் கதவில் தொங்கவிட்டிருக்கிறேன், பேனா வேண்டாம், மை வாடை. ஒன்றை எடுத்தால் ஒரு கோட்டை அடித்துவிட்டுத்தான் மூடியை மூட வேண்டும். யாருக்காவது கொடுத்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் அட்டையைப் பார்த்து ஷீட்டில் ஏற்றுவேன், பாட்டிலில் இருக்கும் பட்டையை எண்ணிச் சரிபார்ப்பேன். பத்து நிமிட வேலை. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, இதுவரை விட்டுப்போனது இரண்டே இரண்டு.

ஷீட் உண்மையிலேயே கைகொடுத்தது 2023 டிசம்பரில். 2021-லேயே மரப் பெட்டியை விட்டு ஒரு வைன் கூலருக்கு மாறியிருந்தேன். ஏசி ஓடினால் அறையில் ஈரப்பதம் 55, நிறுத்தினால் 78, மரப் பெட்டி என்ன செய்யும்? கூலரில் 18 டிகிரி வைத்து, ஸ்பானிஷ் சீடர் தட்டுகளும் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் போவெடா பாக்கெட்டுகளும் போட்டிருந்தேன். (ஸ்பானிஷ் சீடர் ஸ்பெயினிலிருந்தும் வருவதில்லை, சீடரும் இல்லை. மகோகனிக் குடும்பம், நம் வேம்புக்கும் சொந்தம்.) மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் மூன்று நாள் கரண்ட் இல்லை. பாட்டரியில் ஓடும் சென்சார் மட்டும் விடாமல் பதிந்துகொண்டே இருந்தது, மூன்றாம் நாள் உள்ளே 26 டிகிரி. ஈரப்பத அளவையும் நம்பலாம், ஏனென்றால் உப்புச் சோதனை செய்து வைத்திருந்தேன். பாட்டில் மூடியில் ஈரமான சமையல் உப்பு போட்டு, சென்சாரோடு டப்பாவுக்குள் ஒரு நாள் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 72 காட்டியது, மூன்று கூட்டிக்கொள்கிறேன்.

புகையிலை வண்டின் முட்டைக்குக் குளிர் இருக்கும்வரை தூக்கம். 22, 24 டிகிரியைத் தாண்டினால் பொரிக்க ஆரம்பித்துவிடும். ஜனவரி நடுவில் ஒரு ரொபஸ்டோவை (குட்டையான தடித்த சிகார்) எடுத்தால் குண்டூசியால் குத்தினாற்போல் ஓட்டை, தட்டினால் மாவு மாதிரி தூள். கை நடுங்கியது. ஷீட்டில் 'ஃப்ரீசர்' என்று ஒரு பத்தி உண்டு, முட்டை சாக, வந்த பெட்டியை மூன்று நாள் உறையவைத்தேனா இல்லையா என்று. அந்தத் தட்டில் இருந்த ஏழு பெட்டியில் மூன்றுக்குத் தேதி இல்லை. மூன்றையும் உடனே தனியே எடுத்தேன். பூச்சி இருந்தது ஒன்றில் மட்டும், பதினொரு சிகார் குப்பைக்குப் போனது. மற்ற இரண்டையும் இரட்டை ஜிப் பையில் போட்டு, ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூன்று நாள் ஃப்ரீசர், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ் என்று படிப்படியாகக் கொண்டுவந்தேன். அந்த வாரம் வீட்டில் வஞ்சிரம் வாங்கவில்லை, ஃப்ரீசரில் இடமில்லை.

இன்னும் தீராதது உதிரிதான். யாரோ கொடுத்த ஒன்று, விமான நிலையத்தில் வாங்கிய இரண்டு. இவற்றுக்குப் பெட்டியும் இல்லை, முத்திரைத் தேதியும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டினால் பசை மேல் இலையில் ஏறுகிறது. இப்போதைக்கு ஒரு தட்டைத் தடுப்புப் போட்டுப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். தட்டை இழுக்கும் வேகத்தில் சீட்டுகள் இடம் மாறிவிடுகின்றன. போன மாதம் 'மச்சான் கொடுத்தது' என்ற சீட்டு உறையூர்ச் சுருட்டின் மேல் கிடந்தது.

இன்றைய இருப்பு 312. ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு வகுத்தல் போட்டு வைத்திருக்கிறேன், மாதம் இரண்டு வீதம் 13 வருடம் வரும். மனைவி அதையும் பார்த்துவிட்டார். அடுத்த பயணம் மார்ச்சில். அதற்கான வரிசையில் பெட்டி எண் மட்டும் போட்டு, மற்றதைக் காலியாக விட்டிருக்கிறேன்.